கை ஓய்வதற்கு முன்

சாயர்புரத்துச் செம்மண் பூமியில் பனங்கொட்டையை ஊன்றுகிறவர், அந்த மரத்தின் பாளையைத் தாமே சீவிப் பதநீர் இறக்கப் போவதாகப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. பனை மெள்ள வளரும் மரம். பலன் தரத் தொடங்கவே பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். தொடங்கிவிட்டாலோ, ஊன்றியவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நின்று கொடுக்கும். இவ்வளவு நீண்ட கணக்குப் போடப் பழகிய ஊரில், தம்முடைய முதுமையைக் குறித்து மட்டும் கணக்கே போடாத அங்கத்தினர் பலர் இருக்கக் காண்கிறோம். இம்மாதம் அதைப் பற்றியே அன்பர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

முதுமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒருவருக்கு அறுபதாம் வயது என்று நாள் குறித்திருக்கிறது. அந்த நாளில் மாலையும் மரியாதையும் செய்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பனையேறிக்கு அப்படி நாள் குறிப்பவர் எவருமில்லை. பருவ மாதங்களில் முப்பது, நாற்பது மரங்களை நாளொன்றுக்கு இரண்டு தடவையாவது ஏறி இறங்குகிறவருக்கு, தளைநார் பூட்டிய காலும் மரத்தோடு உராய்ந்து காய்த்துப்போன மார்புமே ஓய்வு நாளை அறிவிக்கின்றன. ஐம்பதுக்குள்ளேயே முழங்கால் சொல்லிவிடுகிறது. சிலருக்கு ஒரு வீழ்ச்சி முப்பதிலேயே சொல்லிவிடுகிறது. குழித்தறியில் அமர்ந்து மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளருக்கு முதலில் மங்குவது கண், அடுத்தது இடுப்பு. அறுந்த இழையை விளக்கொளியில் தேடி முடிய முடியாத நாள் வந்ததும், தறியைப் பிறரிடம் விட்டு அவர் தார் சுற்றப் போகிறார். தார் சுற்றுவதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் அதன் கூலி நெசவுக் கூலி ஆகாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். வாழைத் தோட்டக்காரர் மட்டும் இதற்கு விலக்கா? குலை தள்ளிய தோப்பைக் காற்று ஒரே இரவில் சாய்த்துவிட்டால், மறுபடி கடன் வாங்கி மறுபடி கன்று ஊன்றும் மனத்திடம் முப்பது வயதில் இருப்பது போல அறுபதில் இருப்பதில்லை.

ஆகவே நமது அங்கத்தினர்களின் முதுமைக் கணக்கு அறுபதில் தொடங்குவதன்று. அதற்குப் பத்தாண்டு முன்பே தொடங்குவது. இந்தப் பத்தாண்டு இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே நமது முதற்குறை. அரசின் உதவித் தொகைகளும் காப்பீட்டு நிறுவனங்களின் ஓய்வூதியமும் பொதுவாக அறுபதில்தான் கதவைத் திறக்கின்றன. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே நிற்பவர் எதைக் கொண்டு அடுப்பெரிப்பது?

“மகன் இருக்கிறான்” என்பதே முற்காலத்து விடையாக இருந்தது. தகப்பனார் எழுந்த தறியில் மகன் அமர்ந்தான். தகப்பனார் ஏறிய மரத்தில் மகன் ஏறினான். தொழிலும் வீடும் சோறும் ஒன்றாகவே கைமாறின. அந்த ஏற்பாடு தளர்ந்துவிட்டது என்பதற்குச் சான்று வேண்டுவோர் இந்திய அரசு எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்புகளைப் பார்க்கலாம். 1995-ஆம் ஆண்டுக் கணக்கில் நாடெங்கும் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 65 லட்சம் பேர். 2009-10-இல் 43 லட்சம். 2019-20-இல் 35 லட்சம். கால் நூற்றாண்டில் பாதிக்குச் சற்றே குறைவானோர் தறியை விட்டுப் போய்விட்டார்கள். போனவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள் என்பதை எந்தக் கணக்கும் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. நமது நெசவாளர் தெருக்களில் நடந்தாலே தெரியும். மகன் திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். அவன் நல்லவனே. மாதந்தோறும் பணமும் அனுப்புகிறான். ஆனால் அவனுக்கும் வாடகையுண்டு, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமுண்டு. ஒரு மாதம் அனுப்ப இயலாமற் போனால் அவனைக் குறை கூறுவது நியாயமன்று. பிள்ளையின் அன்பு வேறு, பிழைப்புக்கான ஏற்பாடு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்களில் அன்பும் கெட்டுப் போகிறது.

நமது கடற்கரைக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. தூத்துக்குடி முத்துக்குளிப்பை அறியாதார் இல்லை. 1928-ஆம் ஆண்டுக்குப் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் சிப்பிப் படுகைகள் கைகொடுக்கவில்லை. பிறகு 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. ஏழு ஆண்டுகள் கரையெங்கும் கூட்டம், கடைகள், ஏலம். 1961-க்குப் பின் இன்று வரை அத்தகைய முத்துக்குளிப்பு நடைபெறவேயில்லை. அந்த ஏழு ஆண்டுகளில் மூழ்கியவர்கள், எட்டாம் ஆண்டும் கடல் கொடுக்கும் என்றே நம்பியிருப்பார்கள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்போம். பதநீர்ப் பருவமும், பண்டிகைக் காலத்துத் துணி ஆர்டரும், குலை நல்ல விலைக்குப் போன ஆண்டும் நமக்கு அந்த ஏழு ஆண்டுகளே. கை நிறையும் அந்த நாட்களில் ஒரு பங்கைப் பிரித்து வைக்காவிட்டால் வேறு எந்த நாளில் பிரித்து வைப்பது?

இனிக் கணக்குக்கு வருவோம். எண்களைக் கண்டு அங்கத்தினர்கள் அஞ்ச வேண்டாம். கருப்பட்டி எடை போடுகிறவர்களுக்கும் பாவு இழை எண்ணுகிறவர்களுக்கும் இது பெரிய கணக்கன்று.

2015-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு தொடங்கிய அடல் பென்ஷன் யோஜனா என்னும் திட்டத்தில், 18 முதல் 40 வயது வரை உள்ளோர் வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் மூலம் சேரலாம். வருமான வரி செலுத்துவோர் மட்டும் 2022 அக்டோபர் முதல் புதிதாகச் சேர இயலாது. அறுபதாம் வயதிலிருந்து மாதம் 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை, அவரவர் தெரிந்தெடுத்த அளவில் ஓய்வூதியம் கிடைக்கும். 5,000 ரூபாய் வேண்டுமென்று 18 வயதில் சேருகிறவர் மாதம் 210 ரூபாய் கட்ட வேண்டும். அதே 5,000 ரூபாய்க்கு 40 வயதில் சேருகிறவர் மாதம் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். முன்னவர் 42 ஆண்டுகளில் கட்டும் மொத்தம் 1,05,840 ரூபாய். பின்னவர் 20 ஆண்டுகளில் கட்டும் மொத்தம் 3,48,960 ரூபாய். பெறுவது இருவருக்கும் ஒன்றே. தாமதத்துக்கு மட்டும் இரண்டரை லட்சத்துக்கு அருகில் அபராதம் போலக் கட்டுகிறார் பின்னவர்! வட்டிக்கு வட்டி கடன்காரரிடம் எப்படி வேலை செய்கிறது என்பதை நம்மவர் நன்றாகவே அறிவர். அதே வட்டி நம் பக்கம் நின்று வேலை செய்யும்போது அதை நாம் காண மறுக்கிறோம். சேர்ந்தவர் காலமானால் அதே ஓய்வூதியம் வாழ்க்கைத் துணைக்குச் செல்லும். இருவருக்கும் பின் சேர்ந்துள்ள தொகை நியமனம் பெற்றவரைச் சேரும்.

இரண்டு ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடைய சிறு விவசாயிகளுக்கென 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட கிசான் மான்தன் திட்டத்தில், வயதுக்கேற்ப மாதம் 55 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை கட்டினால் அதே அளவு தொகையை மத்திய அரசும் செலுத்துகிறது. அறுபதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். இதற்கும் சேரும் வயது நாற்பதுடன் முடிகிறது. கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்குச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளரும், 4 காசு மாநில அரசும் போடுவது என்ற கணக்கில் நெடுங்காலம் நடந்து வந்த திட்டம் இது. தம் பெயரில் அதில் எவ்வளவு சேர்ந்துள்ளது என்று எழுத்தரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அங்கத்தினர் நூற்றுக்கு எத்தனை பேர்? கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அது உங்கள் பணம்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித் தொகை 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2023-இல் அது 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. அறுபது மடங்கு உயர்ந்திருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், அந்த 20 ரூபாய்க்கு அன்று கிடைத்த அரிசியையும் இந்த 1,200 ரூபாய்க்கு இன்று கிடைக்கும் அரிசியையும் மனத்தில் அளந்து பார்க்கவும். பணத்தின் மதிப்பு கரைந்துகொண்டே போகிறது. இன்று பதினெட்டு வயதுப் பிள்ளை திட்டமிடும் 5,000 ரூபாய், அவன் அறுபதைத் தொடும்போது ஒரு குடும்பத்தைத் தாங்காது. மருந்துச் செலவைத் தாங்கினாலே பெரிது. எனவே ஓய்வூதியம் ஒரு கால் மட்டுமே. நிலமோ மரமோ மற்றொரு கால். சங்கத்தில் உள்ள பங்கும் வைப்பும் வேறொரு கால். இவையனைத்தினும் மேலாக, உடல் வலிமை குறைந்த பின்னும் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கையில் வைத்திருப்பது.

இந்த இடத்தில் நமது ஊர்க்காரர் ஒருவரை நினைவுகூரத் தோன்றுகிறது. ஊர்க்காரர் என்று உரிமையுடன் சொல்வதற்கு அன்பர்கள் மன்னிக்க வேண்டும். அவர் பிறந்தது கனடாவில். ஜி. யு. போப் 1839-இல் பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார். 1842-இல் சாயர்புரத்துக்கு வந்து பள்ளி அமைத்து, 1849 வரை இங்கே உழைத்தார். 1962-இல் இவ்வூரில் தோன்றிய கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பிறகு தஞ்சை, உதகமண்டலம், பெங்களூர் என்று பல ஊர்களில் பணி செய்து, அறுபதைக் கடந்த வயதில் இங்கிலாந்து திரும்பினார். பெரும்பாலோர் சாய்வு நாற்காலியைத் தேடும் வயது அது. அவரோ ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கத் தொடங்கினார். திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் வெளியிட்டது 1886-இல், தமது 66-ஆம் வயதில். நாலடியார் 1893-இல், 73-ஆம் வயதில். திருவாசகம் 1900-இல். அதன் முன்னுரையில் தமது எண்பதாவது பிறந்த நாளையே அவர் தேதியாக இட்டார்.

திருவாசகத்தை மேற்கொள்ளத் தயங்கித் தம் வயதைக் காரணம் காட்டியபோது, கல்லூரித் தலைவராக இருந்த ஜோவெட் என்பவர், பெரிய வேலையொன்று கையில் இருப்பதே நெடுநாள் வாழ வழி என்ற கருத்துப்பட ஊக்கியதாகப் போப்பே அந்நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஊக்கியவர் 1893-இல் மறைந்தார். வேலையை ஏற்றவர் 1908 பிப்ரவரி வரை, எண்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆக்ஸ்போர்டில் உள்ள அவருடைய கல்லறைக் கல், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டியது.

“போப்பையருக்குச் சம்பளம் இருந்தது, புத்தகம் இருந்தது, அண்ணாச்சி, எனக்குத் தளைநாரும் அரிவாளுந்தானே இருக்கு?” என்று ஓர் அங்கத்தினர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நாம் சுட்டுவது அவருடைய வசதியையன்று. எண்பதில் அவர் முடித்த வேலைக்கு வேண்டிய மூலதனத்தை அவர் இருபதுகளில், இந்தச் செம்மண்ணில், தமிழ் கற்றுச் சேர்த்தார் என்பதையே சுட்டுகிறோம். நாற்பது வயதுப் பனையேறி கருப்பட்டிப் பக்குவத்தையும், ஓலை முடைவதையும், நல்ல தாய்மரம் பார்த்து விதை தெரிந்தெடுப்பதையும் செவ்வையாகக் கற்றுக்கொண்டால், ஏறுவதை நிறுத்திய பின்னும் பனை அவரைக் கைவிடாது. கருப்பட்டிப் பக்குவம் இதுகாறும் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்து வருகிறது. அதைக் கற்க ஆண்கள் வெட்கப்படுவது வீண். நெசவாளர் சாயத் தோய்ப்பையும், பாவு ஓட்டுவதையும், வடிவக் கணக்கையும் பார்வை தெளிவாக இருக்கும்போதே கற்க வேண்டும். அறுபதில் கற்கலாம் என்பார்க்கு அறுபதில் கண் இருக்க வேண்டுமே!

கண் என்றதும் மற்றொருவர் நினைவுக்கு வருகிறார். இவர் உண்மையாகவே நமது மாவட்டத்தவர். எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, இளமையிலேயே கடும் மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். மகப்பேறு மருத்துவராக எண்ணியிருந்தவர், அது இயலாதென்று கண்டு கண் மருத்துவத்தைக் கற்றார். கோணிய விரல்களுக்கேற்பக் கருவி பிடிக்கவும் பழகினார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பின், 1976-இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் செலுத்தக்கூடியவரிடம் பெற்று, இயலாதவருக்கு இலவசமாகச் செய்வது என்பது அதன் முறை. 1988-இல் திருநெல்வேலியிலும் கிளை வந்தது. 2006-இல் அவர் மறைந்தபோது அது உலகெங்கும் அறிந்த நிலையமாகியிருந்தது. உடல் ஒரு வேலையை மறுத்தபோது வேறு வேலைக்குத் தம்மைத் திருப்பிக்கொண்டது முப்பது வயதையொட்டிய நாட்களில். அதன் முழுப் பலன் வந்தது அறுபதுக்குப் பின். கண்புரை விழுந்தும் “வயசாயிட்டா அப்படித்தான்” என்று மூலையில் அமர்ந்திருக்கும் நமது மூத்த நெசவாளர்களுக்கு வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. திருநெல்வேலி தொலைவும் இல்லை, செலவும் இல்லை.

சங்கங்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். போப்பையர் இங்கே பள்ளி நடத்திய அதே காலத்தில், 1844 டிசம்பரில், இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவாளர் ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்பதோடு அவர்கள் நோக்கம் நின்றுவிடவில்லை; வேலையிழந்தோருக்கும் கூலி போதாதோருக்கும் வேலை தர வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். நமது சங்கங்களில் துணியின் தரம் பார்க்கும் வேலையையும், புதியவர்க்குத் தறி கற்பிக்கும் வேலையையும் தறியை விட்ட மூத்தவர்களுக்கு ஒதுக்கினால் என்ன? துணியைக் கையால் தடவியே குற்றம் கண்டுபிடிக்கும் விரல்களை வீட்டுத் திண்ணையில் வீணாக வைத்திருக்கிறோம். பொதுக்குழுவில் யாராவது எழுந்து இதைக் கேட்க வேண்டும்.

வீட்டைப் பற்றியும் சில சொற்கள். ஐம்பத்தைந்து வயதில் உள்ள ஒரே வீட்டையும், பனந்தோப்பையும், மகன் பெயருக்கோ மகள் பெயருக்கோ தானமாக எழுதி வைத்துவிட்டு, பின்பு அதே வீட்டில் விருந்தாளி போல ஒதுங்கி இருப்பவர்கள் நமது கிராமங்களில் உண்டு. எழுதாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் திரும்பப் பெற வழி செய்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பதே வழக்குகளில் முதற் கேள்வியாகிறது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அது இருந்தே தீர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில் முதியோருக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. நீதிமன்றப் படியேறி வாதாடுவதைவிட, எழுதும் நாளிலேயே பத்திர எழுத்தரிடம் ஒரு வரி சேர்க்கச் சொல்வது எளிது. “பிள்ளை மேல நம்பிக்கையில்லையா?” என்று உறவினர் கேட்பார்கள். கேட்கட்டும். நல்ல பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் நட்டம் ஒன்றுமில்லை. இன்னும் உத்தமம், வாழ்நாள் வரை தம் பெயரிலேயே வைத்திருந்து உயில் எழுதுவது.

உயில் என்பது செல்வர்களுக்குரியது என்றெண்ண வேண்டாம். கப்பல் நடத்திய வ. உ. சிதம்பரனார் 1936-இல் தூத்துக்குடியில் மறையும் முன் எழுதிய உயிலில் தமது கடன்களை இன்னின்னாருக்கு இவ்வளவு என்று குறித்து வைத்தார். நாட்டுக்கு எல்லாம் கொடுத்துவிட்டு வறுமையில் இருந்தவர் அவர். தமக்குக் கொடுத்து உதவிய கடைக்காரர் நட்டப்படக் கூடாதென்று அவருக்கிருந்த கவலை, நம்மில் வசதியுள்ளோருக்குக்கூட இருப்பதில்லை. கொடுக்க வேண்டியதும் வர வேண்டியதும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டு, அந்தக் குறிப்பேடு எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ள பெண்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்; பாதிச் சச்சரவு எழாது.

கடைசியாக நியமனத் தாள். சங்கத்தில் சேரும் நாளில், தமக்குப் பின் பங்குத் தொகையும் வைப்பும் யாரைச் சேர வேண்டும் என்று ஒரு பெயரை எழுதிக் கொடுக்கிறோம். பின்பு அதை மறந்தே போகிறோம். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், பனையேறியாக இருந்த அங்கத்தினர் தமக்குத் திருமணமாகும் முன்பே சங்கத்தில் சேர்ந்தவர். நியமனமாகத் தாயாரின் பெயரைக் கொடுத்திருந்தார். தாயார் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரும் மாசி மாதத்தில் திடீரென்று மறைந்தார். பதிவேட்டில் இருந்தது இறந்து போனவரின் பெயர். வாரிசுச் சான்றிதழுக்காக மனைவி தாலுகா அலுவலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் நடந்தார். சான்றிதழில் ஒரு பெயர் பிழையாக இருந்ததால் மறுபடியும் நடந்தார். பாளை சீவ ஆளைக் கூலிக்கு அமர்த்த அவர் கையில் அப்போது காசில்லை. தொகை கைக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஆண்டின் பதநீர்ப் பருவமே முடிந்திருந்தது.